சம்பளம் பெற்ற நால்வர்: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேம்பர் இசை

அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழக நகரங்களில், கல்வியாண்டு நடைபெறும் மாதங்களில், இசைத்துறை ஆசிரியர்களே மேடையேறி நிகழ்த்தும் சேம்பர் இசைக் கச்சேரி வாடிக்கையான நிகழ்ச்சியாக இருந்து வருகிறது. பல இடங்களில் இதற்கு நுழைவுக் கட்டணமே இராது. இருந்தாலும் சொற்பமாக இருக்கும். பகலில் வகுப்பறையில் மாணவருக்கு வில் பிடிக்கக் கற்பித்த பேராசிரியர் இரவில் ஹைடனையோ பார்டோக்கையோ வாசிக்கிறார். அவர் வாழ்க்கை நடப்பது அன்றைய வசூலால் அன்று, மாதந்தோறும் பல்கலைக்கழகம் தரும் சம்பளத்தால். இன்று இயல்பானதாகத் தோன்றும் இந்த ஏற்பாடு பழமையானதும் அன்று, தானாக அமைந்ததும் அன்று. இதன் முழு வடிவம் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் உருவாயிற்று. அரசவையும் பிரபுக்களின் மாளிகையும் ஒரு காலத்தில் செய்த புரவலர் பணியைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்ட வரலாறு அது. அந்தப் புரவலர் மாற்றம் இசைக்குழுவின் ஆயுளையும், அது துணிந்து வாசித்த இசையின் தன்மையையும் மாற்றியது.

சேம்பர் இசை என்பது சிறு கூடத்தில், ஒரு சிலர் மட்டும் சேர்ந்து வாசிப்பதற்கென இயற்றப்பட்ட மேற்கத்தியச் செவ்விசை. ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரே இசைவரியைப் பத்துப் பன்னிரண்டு வயலின்கள் சேர்ந்து வாசிக்கும்; சேம்பர் இசையில் ஒவ்வொரு வரிக்கும் ஒருவரே பொறுப்பு. கைகோலால் நடத்துபவர் என்று தனியே எவரும் இல்லை. இவ்வகையின் தலையாய வடிவம் ஸ்ட்ரிங் குவார்டெட்: இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிதும் தாழ்ந்த சுருதியும் உடைய வியோலா, கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கப்படும் செல்லோ ஆகிய நான்கு கருவிகளும் அவற்றிற்கான இசைப்படைப்பும் அப்பெயராலேயே வழங்கப்படுகின்றன. நால்வருள் ஒருவர் வித்துவான், மற்றவர் பக்கவாத்தியம் என்ற பாகுபாடு இதில் இல்லை; முதல் வயலினுக்கு ஒருவகைத் தலைமை உண்டெனினும், நான்கு வரிகளும் ஒன்றையொன்று மறித்தும் தாங்கியும் செல்வதே இவ்வடிவத்தின் சிறப்பாகக் கருதப்படுகிறது.

குவார்டெட்டை முதிர்ந்த வடிவமாக்கிய யோசஃப் ஹைடன் சம்பளக்காரர். 1761இல் எஸ்டர்ஹாஸி குடும்பத்தின் பணியில் சேர்ந்த அவர், ஒப்பந்தப்படி அரண்மனைச் சீருடை அணிந்து, அன்றன்று என்ன இசை வேண்டும் என்ற கட்டளைக்காக நாள்தோறும் காத்திருக்க வேண்டியவராயிருந்தார். அந்தப் பாதுகாப்பில்தான் 1772இன் இருபதாம் தொகுதி, 1781இன் முப்பத்து மூன்றாம் தொகுதி போன்ற குவார்டெட்டுகள் பிறந்தன. ஆயினும் 1790இல் இளவரசர் நிக்கோலஸ் மறைந்தவுடன், அவருக்குப்பின் வந்தவர் ஹைடனைப் பெயரளவுக்கு வைத்துக்கொண்டு இசைக்குழுவின் பெரும்பகுதியைக் கலைத்துவிட்டார். வியன்னாவிலும் இதே கதை நடந்தது. ரஷ்யத் தூதரான ரசுமோவ்ஸ்கி 1808இல் வயலின் கலைஞர் ஷூபான்ஸிக்கின் தலைமையில் ஒரு குவார்டெட்டைத் தம் மாளிகையில் நிலையாக அமர்த்தினார். பேத்தோவனின் படைப்புகள் அங்கே ஒத்திகை கண்டன. 1814இன் கடைசி நாள் இரவில் மாளிகை தீப்பற்றி எரிந்தது. 1816இல் குழு கலைக்கப்பட்டது. புரவலரின் உயிரையும் உடைமையையும் நம்பிய குழுவுக்கு அவற்றைக் கடந்த ஆயுள் இருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரபுக்களின் இடத்தைச் சந்தா செலுத்தும் நடுத்தர வகுப்பினர் பிடித்தனர். அதே நூற்றாண்டில் இசைக்கல்லூரி ஆசிரியர்கள் கூடி வாசிக்கும் வழக்கமும் ஐரோப்பாவில் வேர்கொண்டது. பெர்லினில் 1869இல் தொடங்கிய இசைக்கல்லூரியின் தலைவராயிருந்த யோசஃப் யோவாகிம், தம் சக ஆசிரியர்களைக் கொண்டு நடத்திய குவார்டெட் இதற்குச் சிறந்த சான்று. எனினும் ஐரோப்பாவில் இசையைப் பயிற்றுவிக்கும் கல்லூரி வேறு, இசையை ஆராயும் பல்கலைக்கழகத் துறை வேறு என்ற வரம்பு உறுதியாக நின்றது. பல்கலைக்கழகப் பேராசிரியர் இசையின் வரலாற்றையும் இலக்கணத்தையும் எழுதுவார். வாசிப்பது இசைக்கல்லூரிக்காரரின் தொழில். அமெரிக்கப் பல்கலைக்கழகம் இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்ததே பின்னாளில் நிகழ்ந்த அனைத்திற்கும் அடிப்படை.

அந்த இணைப்பும் உடனே நிகழவில்லை. ஹார்வர்டு 1875இல் ஜான் நோல்ஸ் பெயினை இசைப் பேராசிரியராக்கியபோது, கற்பிக்கத்தக்கவை எனக் கருதப்பட்டவை சுரச்சேர்க்கை இலக்கணமும் இசை வரலாறுமே. கருவி வாசிப்பு கைத்தொழில்; அதற்குப் பட்டப்படிப்பில் இடமில்லை என்ற எண்ணம் பழைய கிழக்குக் கரைப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் நிலவியது. மாறாக, ஓபர்லினைப் போன்ற கல்லூரிகளும் மத்திய மேற்கு மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களும் பாட்டும் வாத்தியமும் கற்பிக்கும் பள்ளிகளைத் தம் அமைப்புக்குள்ளேயே ஏற்றன. அருகில் பெருநகர் இல்லாத அவ்வூர்களில், மாணவர் கேட்கத்தக்க இசையைப் பல்கலைக்கழகமே வழங்கினாலன்றி வேறு வழியில்லை என்பது இதற்கு முக்கியக் காரணம்.

குவார்டெட் இசை அன்றைய அமெரிக்காவில் தனியார் செல்வத்தை அண்டியே நின்றது. பாஸ்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் வயலின் கலைஞர் ஃபிரான்ஸ் நைசல் 1885இல் தொடங்கிய குழு 1917வரை நகர் நகராகச் சென்று வாசித்துக் கேட்போரைப் பழக்கியது. நியூயார்க்கின் வங்கியாளரான எட்வர்டு டி கொப்பே, பிறர்க்கு வாசித்துப் பிழைக்கவேண்டிய தேவையின்றி முழுநேரமும் ஒத்திகையில் ஈடுபடும்படி ஒரு குழுவைச் சம்பளத்தில் அமர்த்தினார். சுவிட்சர்லாந்திலிருந்த அவருடைய இல்லத்தின் பெயரால் அது ஃபிளான்சலி குவார்டெட் எனப்பட்டது. இவை எஸ்டர்ஹாஸி முறையின் புதிய உலகப் பதிப்புகளே. கொடையாளரின் விருப்பம் நிலைக்கும்வரை குழு நிலைக்கும் என்ற நிபந்தனையும் கூடவே தொடர்ந்தது.

இந்தத் தனியார் கொடையைப் பொது நிறுவனத்தின் கடமையாக மாற்றும் வழியைக் கண்டவர் எலிசபெத் ஸ்பிரேக் கூலிட்ஜ். சிகாகோவின் மொத்த வணிகக் குடும்பத்தில் 1864இல் பிறந்து, பியானோ கலைஞராகப் பயின்ற அவர், பெற்றோரின் மறைவுக்குப்பின் கிடைத்த சொத்தைச் சேம்பர் இசைக்கே செலவிட்டார். 1918இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டில் இசைவிழா ஒன்றைத் தொடங்கிய அவர், தாம் இருக்கும்வரை மட்டும் நடக்கும் விழா போதாது என்று கருதி, 1925இல் வாஷிங்டனிலுள்ள நாடாளுமன்ற நூலகத்திற்கு ஒரு கச்சேரி அரங்கையும் அதனை நடத்த நிலையான அறக்கட்டளையையும் அளித்தார். இத்தகைய கொடையை ஏற்கவே நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் அவருடைய தந்தையின் நினைவாக எழுந்த இசைமண்டபமும் அக்குடும்பத்தின் கொடையே. அவர் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தம் செலவில் குவார்டெட் குழுக்களை அனுப்பினார்; ஒரு குழு வந்து வாசித்துச் சென்றபின், அதனை நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அந்த வளாகங்களில் எழுந்தது.

அவ்வாறு அனுப்பப்பட்ட குழுக்களுள் முதன்மையானது ப்ரோ ஆர்ட்டே குவார்டெட். பிரசல்ஸ் இசைக்கல்லூரி மாணவர்கள் 1912ஐ ஒட்டித் தொடங்கிய இக்குழுவில் முதல் வயலின் அல்ஃபோன்ஸ் ஓன்னூ, இரண்டாம் வயலின் லோரான் ஹாலூ, வியோலா ஜெர்மேன் ப்ரெவோ. முதல் உலகப் போருக்குப்பின் செல்லோவுக்கு ரோபேர் மாஸ் சேர்ந்தார். பெல்ஜிய அரசி எலிசபெத்தின் ஆதரவில் அரசவைக் குவார்டெட் என்ற பட்டத்தையும் பெற்ற இவர்கள், பழையதை வாசிப்பதோடு நில்லாமல் தம் காலத்துப் படைப்பாளிகளுக்கும் துணைநின்றனர். பார்டோக் தம் நான்காம் குவார்டெட்டை இவர்களுக்கே காணிக்கையாக்கினார். சாமுவேல் பார்பரின் குவார்டெட்டை 1936 டிசம்பரில் ரோமில் அரங்கேற்றியவர்களும் இவர்களே; அதன் மெதுநடைப் பகுதிதான் பின்னர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு விரிக்கப்பட்டு, அமெரிக்காவில் இரங்கல் நாள்களின் இசையாக ஊர் அறிந்தது. 1930களில் கிராமபோன் தட்டுகளுக்காக இவர்கள் பதிவுசெய்த ஹைடன் குவார்டெட்டுகள் அவற்றின் புகழை உலகெங்கும் பரப்பின.

இவர்களை நிலையாக ஏற்ற மேடிசன் நகரில் அதற்குரிய களம் முன்பே அமைந்திருந்தது. விஸ்கான்சின் மாநிலம் பால்பண்ணைக்குப் பேர்போனது. அங்குள்ள பல்கலைக்கழகம் தன் பணியின் எல்லை வளாகத்தின் மதில் அன்று, மாநிலத்தின் எல்லையே என்ற கொள்கையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே வலியுறுத்தி வந்தது. உழவருக்கு மண் ஆய்வும் கால்நடை மருத்துவமும் கொண்டுசெல்லப்பட்டதைப் போலவே கலையும் கொண்டுசெல்லப்பட வேண்டும் என்பது அதன் நீட்சி. 1936இல் ஓவியர் ஜான் ஸ்டுவர்ட் கரி அங்கே அமர்த்தப்பட்டார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஓவியருக்குக் கிடைத்த முதல் ஆஸ்தானப் பதவி எனப்படும் அது கலைத்துறையில் அன்று, வேளாண்மைக் கல்லூரியில் உருவாக்கப்பட்டது. கிராமப்புறத்தில் பொழுதுபோக்காக வரைவோரை ஊக்குவிப்பதே அவருடைய முதன்மைப் பணி. 1939இல் டென்மார்க்கில் பிறந்த பியானோ கலைஞர் குன்னர் யோஹான்சன் இசைக்கும் அதேபோன்ற பதவியை ஏற்றார். பாடத்திட்டத்தை முடிக்கும் கடமையின்றி, வளாகத்தில் வாழ்ந்து, வாசித்து, நாடிவருபவர்க்குக் கற்பிப்பதே இத்தகைய ஆஸ்தானக் கலைஞரின் பணியாக வகுக்கப்பட்டது.

1940 மே மாதத்தில் ப்ரோ ஆர்ட்டே குழு மேடிசனில் பேத்தோவனின் குவார்டெட்டுகள் அனைத்தையும் வரிசையாக வாசித்துக்கொண்டிருந்தது. மே 10ஆம் நாள் ஜெர்மானியப் படை பெல்ஜியத்தினுள் புகுந்தது. மே மாதம் முடியுமுன் நாடு சரணடைந்தது. அரசவைக் குவார்டெட் என்ற பட்டத்தை வைத்திருந்த குழுவுக்குத் திரும்பிச் செல்ல அரசவையும் இல்லை, ஊரும் இல்லை என்றாயிற்று. பல்கலைக்கழகத் தலைவர் கிளாரன்ஸ் டைக்ஸ்ட்ரா அக்குழுவை அங்கேயே தங்குமாறு அழைத்தார். அவ்வாண்டின் இலையுதிர்காலப் பருவத்திலிருந்து நால்வரும் பல்கலைக்கழகத்தின் சம்பளக் கணக்கில் சேர்ந்தனர். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று முழு குவார்டெட்டை ஆஸ்தானக் குழுவாக ஏற்றது இதுவே முதன்முறை எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. கரிக்கும் யோஹான்சனுக்கும் வகுத்த பதவியின் வடிவம் கைவசம் இருந்ததால், அகதிகளாகிவிட்ட கலைஞர்களை ஏற்பதற்குப் புதிய விதி எதையும் தேட வேண்டியிருக்கவில்லை.

சேர்ந்த சில வாரங்களிலேயே குழு சோதனைக்குள்ளாயிற்று. மாஸ் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டதால், லண்டன் குவார்டெட்டில் வாசித்த வார்விக் எவன்ஸ் செல்லோவை ஏற்றிருந்தார். நவம்பரில் ஓன்னூ இரத்தப் புற்றுநோயால் மேடிசனிலேயே இறந்தார். முதல் வயலினை இழந்த குவார்டெட் பெரும்பாலும் கலைந்துவிடுவதே வழக்கம். கச்சேரிகளால் மட்டும் வாழும் குழுவாயின் ஒப்பந்தங்கள் அன்றே முறிந்திருக்கும். பல்கலைக்கழகத்தில் மறைந்தவர் கலைஞர். அவர் வகித்த பதவி மறையவில்லை. ஸ்பானிய வயலின் கலைஞர் அந்தோனியோ ப்ரோஸா அவ்விடத்திற்கு வந்தார். ப்ரெவோ தம் நண்பரின் நினைவாக ஸ்ட்ராவின்ஸ்கியைக் கேட்டுப் பெற்ற, துணைக்கருவி எதுவுமின்றி வியோலா மட்டும் வாசிக்கும் இரங்கல் இசை 1944இல் எழுதப்பட்டது. இன்றும் வியோலா பயிலும் மாணவர் எவரும் அதனைக் கடந்து செல்வதில்லை.

1944இல் முதல் வயலினாக வந்த ருடால்ஃப் கோலிஷ் இந்தப் பதவியின் பொருளையே விரிவாக்கினார். வியன்னாவைச் சேர்ந்த அவர், புதிய மேற்கத்திய இசையின் மூலவர்களுள் ஒருவரான ஆர்னோல்டு ஷோன்பர்க்கின் மாணவர், மைத்துனர். சிறுவயதில் இடக்கை விரலில் நேர்ந்த காயத்தால் வில்லை இடக்கையிலும் வயலினை வலக்கையிலும் பிடித்து வாசித்தவர். முன்னர் அவர் தலைமையில் இயங்கிய குழு ஷோன்பர்க்கின் மூன்றாம், நான்காம் குவார்டெட்டுகளையும் பார்டோக்கின் ஐந்தாம், ஆறாம் குவார்டெட்டுகளையும் அரங்கேற்றியது. அக்குழு இசைத்தாள் இன்றியே மேடையில் வாசிக்கும். ஒத்திகையின்போது தத்தம் வரியை மட்டும் காட்டும் தாள்களுக்கு மாறாக, நான்கு வரிகளையும் ஒருங்கே காட்டும் முழுப் பிரதியையே நால்வரும் பார்த்துப் பயின்றனர். பேத்தோவன் குறித்துச்சென்ற காலப்பிரமாணத்தை ஆராய்ந்து கோலிஷ் எழுதிய நெடுங்கட்டுரை 1943இல் வெளியாயிற்று. வாசிப்பவரே ஆய்வாளராகவும் இருக்கக்கூடும் என்பதை ஐரோப்பிய வரம்பு ஏற்கவில்லை. மேடிசனில் அது ஒரே ஆளின் அன்றாட வேலையாயிற்று. அவர் 1967வரை அங்கே பணியாற்றினார்.

போருக்குப்பின் இந்த முன்மாதிரி விரைந்து பரவியது. திரும்பி வந்த படைவீரர்களின் உயர்கல்விச் செலவை அரசு ஏற்கும் 1944ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாணவர் தொகை பெருகியது. புதிய இசைப்பள்ளிகளும் ஆசிரியப் பதவிகளும் தோன்றின. கிளீவ்லாண்டில் தொடங்கிய வால்டன் குவார்டெட் 1947இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நிலைகொண்டது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1949இல் தன் ஆசிரியர்களைக் கொண்டே ஸ்டான்லி குவார்டெட்டை அமைத்தது. பிரிட்டனின் கிரில்லர் குவார்டெட் பெர்க்லிக்கும், ஹங்கேரியன் குவார்டெட் தென் கலிஃபோர்னியாவுக்கும் வந்தன. நாடாளுமன்ற நூலகத்தில் 1940 முதல் ஆஸ்தானக் குழுவாயிருந்த புடாபெஸ்ட் குவார்டெட் 1962இல் பஃபலோ பல்கலைக்கழகத்திற்கு மாறியது. அங்கே ஸ்லீ என்ற குடும்பத்தின் அறக்கொடை, பேத்தோவனின் குவார்டெட்டுகள் அனைத்தையும் ஆண்டுதோறும் ஆறு கச்சேரிகளில் வாசிக்க வழிசெய்தது. மறுபுறம் 1950களில் இசை நிகழ்த்துதலிலேயே முனைவர் பட்டம் வழங்கும் முறை தோன்றவே, கைத்தொழில் என ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்டது கல்வித் தகுதியாகவும் உயர்ந்தது.

இப்பரவலுக்குப் பின்னிருந்த பொருளாதாரக் காரணத்தைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வில்லியம் பௌமாலும் வில்லியம் போவனும் 1966இல் நிகழ்த்துகலைகளைப் பற்றி வெளியிட்ட நூல் தெளிவாக்கியது. தொழிற்சாலையில் இயந்திரம் மேம்பட மேம்பட ஒரு பொருளைச் செய்யத் தேவையான உழைப்பு குறைகிறது. கூலி உயர்ந்தாலும் அதனை ஈடுகட்ட முடிகிறது. பேத்தோவன் காலத்தில் ஒரு குவார்டெட்டை வாசிக்க நால்வரும் ஏறத்தாழ அரைமணி நேரமும் வேண்டியிருந்தன என்றால் இன்றும் அவையே வேண்டும்; மூவரைக் கொண்டோ பாதி நேரத்திலோ அதனை முடிக்க இயலாது. பிற துறைகளில் கூலி உயரும்போது கலைஞரின் ஊதியமும் உயர்ந்தாக வேண்டும். ஆனால் உற்பத்தி கூடுவதில்லை. ஆகவே செலவுக்கும் வசூலுக்கும் இடையிலான பள்ளம் ஆண்டுக்காண்டு அகலும். பொருளியல் வகுப்புகளில் இன்றளவும் இக்கோட்பாட்டுக்குக் காட்டப்படும் வழக்கமான எடுத்துக்காட்டு ஸ்ட்ரிங் குவார்டெட்டே. பெரிய அரங்கில் வாசித்து வசூலைக் கூட்டலாம் என்றால், சேம்பர் இசையின் நுட்பம் சிறு கூடத்தில்தான் செவிக்கு எட்டும். கற்பித்தலுக்காகச் சம்பளம் தரும் நிறுவனம் இந்தப் பள்ளத்தை நிரப்பியதால், ஆசிரியர் குழுவின் கச்சேரி வசூலைப் பார்க்காமலேயே நடக்க முடிந்தது.

கற்பித்தலோடு பிணைந்ததால் கச்சேரியின் அமைப்பும் தனித்தன்மை பெற்றது. ஒத்திகை வகுப்புகளின் இடைவெளியில் நடைபெறுகிறது. ஒரு சொற்றொடரை வில்லின் அடியிலிருந்து தொடங்குவதா நுனியிலிருந்து தொடங்குவதா, எந்த இடத்தில் ஒலியைத் தணித்து வியோலாவுக்கு வழிவிடுவது என்பன விவாதிக்கப்பட்டுப் பென்சிலால் தாளில் குறிக்கப்படுகின்றன. மேடையில் நடத்துபவர் இல்லாமையால், முதல் வயலின்காரர் இழுக்கும் மூச்சும் வில்லை உயர்த்தும் அசைவுமே தொடக்கத்திற்கான சைகை. இதனைக் கண்ணால் காண்பதே மாணவர்க்குப் பாடம். அதனால் பல இசைப்பள்ளிகளில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கச்சேரிகளுக்கு வருவது பட்டப்படிப்பின் நிபந்தனையாகவே இருக்கிறது. பியானோ, கிளாரினெட் போன்ற கருவிகளின் ஆசிரியர்கள் சேர்ந்துகொள்வதால் மூவர், ஐவர் வாசிக்கும் படைப்புகளும் எளிதில் இடம்பெறுகின்றன. ஆசிரியரின் பதவி உயர்வைத் தீர்மானிக்கையில், அறிவியல் ஆசிரியரின் ஆய்வுக்கட்டுரைக்கு நிகராக இசை ஆசிரியரின் கச்சேரிகள் கணக்கில் கொள்ளப்படுகின்றன.

வசூலை நம்பாத மேடை, கேட்போர்க்குப் பழகாத இசையை வாசிக்கவும் துணிந்தது. எலியட் கார்ட்டரின் முதல் குவார்டெட் நான்கு கருவிகளும் வெவ்வேறு காலப்பிரமாணத்தில் ஒரே வேளையில் நகர்வது போன்ற கடினமான படைப்பு. 1951இல் எழுதி முடிக்கப்பட்ட அதனை 1953 பிப்ரவரியில் நியூயார்க்கில் அரங்கேற்றியவர்கள் இல்லினாயின் வால்டன் குழுவினர். பல மாத ஒத்திகையைக் கோரும் இத்தகைய படைப்பைக் கச்சேரி முகவரை நம்பி வாழும் குழு தொடுவது அரிது.

இன்னும் தொலைவு சென்றது மிச்சிகனின் ஸ்டான்லி குழு. பல்கலைக்கழகத்திற்காக ஜார்ஜ் கிரம் எழுதிய ‘பிளாக் ஏஞ்சல்ஸ்’ என்ற படைப்பை அவர்கள் 1970 அக்டோபர் 23ஆம் நாள் ஆன் ஆர்பரில் அரங்கேற்றினர். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த வேளையில், பிரதியின் இறுதியில் 1970 மார்ச் 13 வெள்ளிக்கிழமை என்ற தேதியோடு போர்க்காலத்தில் எழுதியது என்று இலத்தீனில் குறித்திருந்தார் கிரம். பதின்மூன்று பகுதிகள் கொண்ட இதில் நான்கு கருவிகளின் ஒலியும் மின்னணு முறையில் பெருக்கப்படுகிறது. தொடக்கத்தில் வில்கள் நரம்புகளின்மீது நடுங்கி எழுப்பும் கிறீச்சொலி பூச்சிக்கூட்டத்தைப் போல அரங்கை நிறைக்கிறது. பின்னர் வாசிப்பவர்களே பல மொழிகளில் எண்களை முணுமுணுக்கவும் கத்தவும் செய்கிறார்கள், தட்டுமணிகளை முழக்குகிறார்கள், நீர் ஊற்றிச் சுருதி சேர்த்த கண்ணாடிக் கிண்ணங்களின் விளிம்பில் வில்லை இழுத்து இசை எழுப்புகிறார்கள். ஓரிடத்தில் கருவியைச் சாய்த்துப் பிடித்து, விரல்கள் நரம்பை அழுத்தும் இடத்துக்கு மேலே, வழக்கத்துக்கு மாறான பக்கத்தில் வில்லை இழுக்க, பழங்கால நரம்புக்கருவியின் மங்கிய ஒலி கிடைக்கிறது. இப்படைப்பை வானொலியில் கேட்ட டேவிட் ஹாரிங்டன் 1973இல் குரோனோஸ் குவார்டெட்டைத் தொடங்கினார். புதிய இசைக்கென்றே வாழும் அக்குழு உலகப் புகழ் பெற்றது.

இந்தச் சுதந்திரத்திற்கு எதிரான குரலும் எழாமல் இல்லை. பிரின்ஸ்டனில் கற்பித்த இசையமைப்பாளர் மில்டன் பாபிட், உயர் கணிதத்தைப் போலவே புதிய இசையும் வல்லுநர்க்குரியது, பொதுமக்களின் ஆரவாரத்தை எதிர்பாராமல் பல்கலைக்கழகத்தின் அடைக்கலத்தில் அது வளரவேண்டும் என்று 1958இல் ஓர் இதழில் வாதிட்டார். கேட்போரை அலட்சியப்படுத்தும் தொனியில் இதழாசிரியர்கள் இட்ட தலைப்பே கட்டுரையைவிடப் புகழ்பெற்று, வளாக இசையின்மீதான குற்றச்சாட்டுக்கு ஆதாரமாயிற்று. அடைக்கலம் மதிலாகவும் மாறக்கூடும் என்ற அந்தக் குறை முற்றிலும் பொய்யன்று. ஆயினும் மாநிலம் முழுதும் தன் எல்லை என்ற கொள்கையுடைய விஸ்கான்சின் போன்ற இடங்களில், பல்கலைக்கழகத்தின் சொந்த வானொலி நிலையம் வழியாகவும் சிற்றூர்ப் பயணங்கள் வழியாகவும் குவார்டெட் இசை வளாகத்துக்கு வெளியேயும் சென்றது என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

குவார்டெட்டுகளுக்காக வகுக்கப்பட்ட ஆஸ்தானப் பதவி முறை பின்னர் தமிழகக் கலைஞருக்கும் இடமளித்தது. கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பிரவுன் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய இசைத்திட்டத்தில், மிருதங்க வித்துவான் டி. ரங்கநாதன் 1963இல் ஆஸ்தானக் கலைஞராகச் சேர்ந்தார். அவருடைய தம்பி, புல்லாங்குழல் வித்துவான் டி. விசுவநாதன் 1975 முதல் 2002இல் மறையும்வரை அங்கே கற்பித்தார். தமக்கை பாலசரசுவதியும் அங்கே வந்து ஆடியும் கற்பித்தும் சென்றார். மூவரும் வீணை தனம்மாளின் பேரக்குழந்தைகள். சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டின் சிறு கூடத்தில், ஒலிபெருக்கியின்றி, தேர்ந்த ரசிகர் சிலருக்காக வெள்ளிதோறும் தனம்மாள் வாசித்த வீணையே தமிழகம் அறிந்த மிகச் சிறந்த அறை இசை. தமிழ்நாட்டிலும் சமஸ்தானங்களின் ஆதரவு தளர்ந்த காலத்தில், சிதம்பரத்தில் 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைக்கல்லூரி, டைகர் வரதாச்சாரியார், சபேசையர், பொன்னையா பிள்ளை போன்ற வித்துவான்களுக்கு ஆசிரியப் பதவி அளித்தது. இரு நாடுகளிலும் ஏறக்குறைய ஒரே தலைமுறையில், புரவலர் இருந்த இடத்தில் பல்கலைக்கழகம் வந்து நின்றது.

மேடிசனில் தொடங்கிய ஏற்பாடு இன்றளவும் அறுபடவில்லை. 1940களின் முடிவுக்குள் பிரசல்ஸிலிருந்து வந்தவர்களுள் எவரும் குழுவில் இல்லை. ஆனாலும் ப்ரோ ஆர்ட்டே என்ற பெயர் தொடர்ந்தது. கோலிஷுக்குப்பின் நார்மன் பௌலு முதல் வயலினாக 1967 முதல் 1995வரை வாசித்தார். அவருக்குப்பின் டேவிட் பெரி வந்தார். செல்லோ கலைஞர் பேரி கார்ப் 1976இல் சேர்ந்தார். 2011-12இல் குழு தன் நூற்றாண்டைப் புதிய படைப்புகளை எழுதுவித்துக் கொண்டாடியது. இந்தத் தொடர்ச்சி உள்ளூர்ப் பெருமையாக மட்டும் நின்றுவிடுவதன்று. ஒரு குவார்டெட் தன் தோற்றுநரைக் கடந்து, ஒருவர் ஓய்வுபெற்றால் விளம்பரம் செய்து, தேர்வுக்குழு அமைத்து, நான்கு இடங்களையும் நிரப்பிக்கொண்டு நூறாண்டு வாழ்வது, இசையின் வரலாற்றில் புதுமை. கணிதத்துறையிலோ வரலாற்றுத் துறையிலோ ஒரு பேராசிரியர் பதவி தலைமுறைகளைக் கடந்து நிற்பதைப் போன்ற நிலைபேறு அது.

அதே காரணத்தால் இந்த வழக்கத்தின் பலவீனமும் பதவியில்தான் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான மாநில நிதி சுருங்கும்போது, நிரந்தரப் பதவிகள் பருவத்துக்குப் பருவம் அமர்த்தப்படும் தற்காலிகப் பணிகளாக மாறுகின்றன. தனி ஆசிரியர் ஒருவர் தற்காலிகமாகப் பணியாற்றி வகுப்பை நடத்திவிடலாம். நால்வர் ஒரே செவியாகக் கேட்கவும் ஒரே மூச்சாகத் தொடங்கவும் பல ஆண்டுகள் கூடிப் பழக வேண்டியிருப்பதால், தற்காலிகப் பணியில் குவார்டெட் உருவாகாது. எஸ்டர்ஹாஸி குடும்பத்தில் வாரிசின் மனநிலையைப் பொறுத்திருந்த குழுவின் ஆயுள், இன்று சட்டமன்றத்தின் நிதிநிலை அறிக்கையையும் ஆட்சிக்குழுவின் முன்னுரிமையையும் பொறுத்திருக்கிறது. இருப்பினும் பிரபுவின் முடிவைக் கேள்வி கேட்க எவருமில்லை. பொது நிறுவனத்தின் முடிவை ஆசிரியரும் மாணவரும் வரி செலுத்துவோரும் கேள்வி கேட்கலாம். ஆசிரியர் கச்சேரியின் அரங்கில் வந்து அமர்பவர், அவர் அறிந்தோ அறியாமலோ, அந்தப் பதவிகள் நீடிக்கவேண்டும் என்பதற்கான வாதத்தில் ஒரு சாட்சியாகவும் அமர்கிறார்.